தளிரில் ஒரு பல்தடம்

செய்த தப்பை இல்லவே இல்லை என்று சாதிக்கிற ஆட்கள் எத்தனையோ பேரை ரெப் பார்த்திருக்கிறான். செய்யாத தப்புக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆறு நாளாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தான்.

ஏரிக்கரை ஆய்வு நிலையத்தின் படகுத்துறை அது. கவிழ்த்துப் போட்ட பழைய படகின் மேல் நிலையத்தின் படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதுக்குள் இருக்கும். துடுப்புப் போட்டுப் போட்டு உரம் ஏறிய தோள். முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைப்போல ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மணி பதினொண்ணு ஆச்சு. நாலு மணிக்கு விசாரணை. அது முடிஞ்சா அடுத்து போலீஸ்" என்றாள் சர்வேயர் அண்ணி. "குடிநீர் ஏரியில விஷம் கலந்தா என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

படகுக்காரரின் கண் ஏரியை விட்டு நகரவில்லை.

"நல்லா பேசுறாரு அண்ணி. குறுக்கப் பேசாம கேளுங்க" என்றான் ரெப்.

அண்ணி அவனை முறைத்தாள். முறைப்பதை அவள் பதினேழு வருஷமாகச் செய்துவருகிறாள். அவளுடைய கணவரின் தம்பி அவன். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, மருந்துக் கம்பெனி ரெப்பாகச் சுமந்த பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணியோடு துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டான். பை போனது, பேரும் வாயும் போகவில்லை. அண்ணியோ இருபத்தெட்டு வருஷம் பயிர்க் காப்பீட்டில் சேதம் பார்க்கும் சர்வேயராக இருந்தவள். ஒரு வயலுக்குள் இறங்கினால் பூச்சி தின்றதா, மாடு மேய்ந்ததா, சொந்தக்காரனே அறுத்துவிட்டுக் கண்ணைக் கசக்குகிறானா என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவாள்.

வழக்கு இதுதான். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. அந்தக் களையை மட்டுமே தின்கிற கூன்வண்டுகளைத் தொட்டியில் வளர்த்து, மாதம் ஒரு பெட்டி ஏரியில் விடுவதுதான் நிலையத்தின் வேலை. ஒரு வருஷமாகப் பெட்டி பெட்டியாக விட்டும் களை குறையவில்லை, கூடியது. கரையில் நின்று எட்டிப் பார்த்த ஒரு குழு, வண்டே இல்லை என்று எழுதிவிட்டது. படகில் களைக்கொல்லி டப்பா ஒன்று கிடைத்தது. படகு போக வழி வேண்டுமென்று மாதக்கணக்காக மருந்தை ஊற்றினார், கடைசியாக ஊற்றிப் பத்து நாள் ஆகிறது, வண்டெல்லாம் செத்துவிட்டது என்று படகுக்காரர் மேல் குற்றம். அதற்குப் பிறகு ஏரியில் புதுப் பெட்டி எதுவும் விடவில்லை. தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆகும். அதுவரை யார் பொறுத்திருக்கிறார்கள்?

அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே வரி. "ஏரியில் களை பரவியதற்கு நானே காரணம்."

அண்ணி படகுக்குள் குனிந்து அந்த டப்பாவை எடுத்தாள். மேல்பாதி கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. விளிம்பு கை பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது, உள்ளே பாசி.

"இது படகுல ஏறுற தண்ணிய இறைக்கிற டப்பா. பாசி புடிக்க மாசக்கணக்கு ஆகும். இதுல விஷத்தைக் கொண்டுபோயிருந்தா போற வழியிலேயே இவர் கால்மேல கொட்டியிருக்கும்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"டப்பா பொய்யின்னு எனக்கே ரெண்டு நிமிஷத்துல தெரியுது. இவருக்குத் தெரியாதா? அப்புறம் எதுக்குத் தம்பி எழுதிக் கொடுத்தாரு?" என்றாள் அண்ணி. "அதைத்தான் இவர் சம்சாரம் நம்மளைக் கேட்டிருக்கு."

அந்தச் சம்சாரம் துறையின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். வண்டுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள். நிலையத்தில் எல்லோருக்கும் தொட்டிக்காரம்மா. முந்தின நாள் அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவள் அழவில்லை. "அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்க்கா. முதல் தடவையா சொல்லியிருக்காரு. யாருக்காகன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றாள். அந்த 'யாருக்காக' ரெப்பின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

"படகை எடு" என்றாள் அண்ணி.

ரெப் துடுப்புப் போட்ட அழகைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது அவனுக்கு மரியாதை. படகு இரண்டு தடவை தன்னைத் தானே சுற்றிவிட்டு, போனால் போகிறதென்று ஏரிக்குள் நகர்ந்தது. நூறடி தாண்டியதும் தண்ணீரே கண்ணில் படவில்லை. இடுப்புயரத்துக்குப் பச்சை, அதன் மேல் ஊதாப் பூ. பார்க்க அழகாக இருந்ததுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அண்ணி ஒரு செடியை வேரோடு இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வெளி இலையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்தாள்.

"இந்தச் செடி அஞ்சாறு நாளைக்கு ஒரு இலை விடும். புது இலை நடுவுல இருந்து வரும், பழசு வெளியே தள்ளிப்போகும். அப்ப இது என்ன?"

"கீரைக்கட்டு."

"காலண்டர். வெளியே இருக்கிறது போன மாசம், உள்ள இருக்கிறது இந்த வாரம். நடுவுல சுருட்டிக்கிட்டு நிக்குது பாரு, இது முந்தாநாள்."

அவள் அந்தத் தளிரைப் பிரித்து வெயிலில் பிடித்தாள். மெல்லிய பச்சையில் சின்னச் சின்னக் கட்டம் கட்டமாக மேல்தோல் சுரண்டப்பட்டிருந்தது. ரெப் குனிந்து எண்ணினான். பதினாலு.

"இது வண்டோட பல்தடமா?"

"அதுக்குப் பல்லு எங்க இருக்கு, மூக்கு நுனியில வாய். ஆனா தடம் அதோடதுதான்."

"இருங்க, இருங்க" என்றான் ரெப். அவனுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுத்தது. "பத்து நாளைக்கு முன்னாடி விஷத்துல செத்த வண்டு, முந்தாநாள் வந்த இலையில டிபன் சாப்பிட்டிருக்கு."

அண்ணி இலைகளின் அடிப்பிளவை விரலால் விரித்தாள். பகல் முழுக்க வண்டு பதுங்கும் இடம் அது. சாம்பல் நிறத்தில், மிளகு அளவில் ஒன்று உருண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. கால்களை மடக்கிக்கொண்டு பிணமாகக் கிடந்தது. அரை நிமிஷம் கழித்து ஒரு காலை மட்டும் நீட்டி நோட்டம் பார்த்தது.

"பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டா நானும் இப்படித்தான் படுத்துப்பேன்" என்றான் ரெப். "வாங்க அண்ணி, இலையைக் காட்டி ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்."

அண்ணி நகரவில்லை. வண்டு இருக்கிறது, தின்கிறது. பிறகு களை ஏன் இப்படிக் கொழுத்து நிற்கிறது? அவள் பேனாக்கத்தியை எடுத்து ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. இன்னொரு தண்டு. இன்னொரு செடி. இருபது செடிகளைப் பிளந்து முடிக்கும்போது படகு நிறையத் தண்டுத் துண்டுகள்.

"ஆபீஸ் சுவத்துல ஒரு படம் ஒட்டியிருந்ததே, பாத்தியா? பெரிய வண்டு இலையைச் சுரண்டுறதோட சரி. செடிய நிஜமா கொல்றது அதோட புழுதான். தண்டுக்குள்ள குடைஞ்சுகிட்டே போய்க் குருத்தை அழுக வைக்கும். இருபது செடியில ஒரு சுரங்கம்கூட இல்ல."

"சாப்பிடுது. ஆனா குடும்பம் நடத்தல."

"ஆமா" என்றாள் அண்ணி. அவள் குரலில் சந்தோஷமே இல்லை. அவள் இப்படிச் சுருக்கமாகப் பேச ஆரம்பித்தால் எங்கேயோ இடி விழப் போகிறது என்று ரெப்புக்குத் தெரியும்.

துறைக்குத் திரும்பியபோது படகுக்காரர் அதே இடத்தில்தான் இருந்தார். அண்ணி பிளந்த தண்டுகளைக் கையில் அள்ளிக்கொண்டு இறங்கினாள். அதைப் பார்த்த கணத்தில் அவர் எழுந்துவிட்டார். முகம் சுண்டிப்போனது. இரண்டே எட்டில் வந்து அண்ணியின் கையிலிருந்த தண்டுகளைப் பிடுங்கித் தண்ணீரில் வீசினார். வீசிவிட்டு, தான் செய்ததைத் தானே நம்பாதவராகக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

"போலீஸ்னு சொன்னப்ப கண்ணைக்கூடச் சிமிட்டாத ஆளு. செடித் தண்டைப் பாத்து நடுங்குறாரே" என்றான் ரெப், படியேறும்போது.

"இவரும் பொளந்து பார்த்திருக்காரு தம்பி. நமக்கு முன்னாடியே."

நிலையத்தின் மாதிரி அறையில் ஒரு மர அலமாரி. ஏரியில் விடும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பத்து வண்டுகளை எடுத்து, சாராயம் ஊற்றிய சின்னப் புட்டியில் போட்டு, தேதி ஒட்டி வைப்பது விதி. இயக்குநர் சாவியைக் கொடுக்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஒவ்வொரு பெட்டியும் இருநூறு. உயிரோட இருக்கான்னு பாத்து நானே சான்று போட்டு அனுப்பியிருக்கேன். தப்பு எங்க பக்கம் இல்ல."

"எண்ணிக்கை மட்டும் பாப்பீங்களா?"

"வேற என்ன பாக்கணும்?"

அவர் போனதும் அண்ணி புட்டிகளை மேஜையில் தேதி வரிசையில் அடுக்கினாள். ஒரு புட்டியை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். பக்கத்துச் சுவரில் இங்கேயும் அதே படம். அதன் கீழ்மூலையில் இரண்டு தலைகள் வரைந்திருந்தன: ஒன்றுக்கு மூக்கு நீளம், மற்றதற்குக் கொஞ்சம் குட்டை. அண்ணி படத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். கண்ணாடியை ரெப்பிடம் நீட்டினாள்.

"மூக்கைப் பாரு."

"எல்லாம் குட்டை மூக்கு."

"அடுத்தது."

"குட்டை. பத்தும் குட்டை."

பதினோரு புட்டிகள், பதினோரு மாதம், நூற்றுப்பத்து வண்டுகள். ஒரு நீள மூக்கு இல்லை. பன்னிரண்டாவதாக, ஒரு வருஷத்துக்கு முந்தின புட்டியைக் கவிழ்த்தபோதுதான் நீளமும் குட்டையும் கலந்து விழுந்தன. ரெப் படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படித்தான். நீள மூக்கு பெண், குட்டை மூக்கு ஆண்.

"அடப்பாவமே" என்றான். "ஆம்பளைங்க ஹாஸ்டலையே ஏரியில இறக்கி விட்டிருக்காங்க. தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கியிருக்கானுங்க, அப்புறம் புழு எங்கிருந்து வரும்?"

சொல்லிச் சிரித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். மிளகு அளவு வண்டு. அதன் மூக்கில் மயிரிழை வித்தியாசம். அதைப் பார்த்து மாதம் இருநூறு ஆண்களைப் பொறுக்குவது தற்செயலாக நடக்கிற காரியமில்லை. வண்டுக்கு மூக்கென்று ஒன்று இருப்பதே இயக்குநருக்கு நினைவில்லை. பதினோரு மாதமாகப் பெட்டியை நிரப்பிய கை ஒன்றே ஒன்று. அந்தக் கைதான் நேற்று அண்ணி வீட்டுக் கதவைத் தட்டியது. ரெப் பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டான்.

"அண்ணி, வேற யாராவதா இருக்கக் கூடாதா?"

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றாள் அண்ணி.

தொட்டிக்கூடம் வலை போட்ட நீளமான கொட்டகை. எட்டுச் சிமெண்டுத் தொட்டிகளில் ஆகாயத்தாமரை மிதந்தது. இங்கே செடிகள் ஏரியில் இருப்பவைபோலக் கொழுக்கவில்லை. தண்டு பழுத்து, நடு அழுகி, பாதி மூழ்கிக் கிடந்தன. ஒரு வண்டுத் தொட்டி இருக்க வேண்டிய லட்சணம் அதுதான். தொட்டிக்காரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மணி மூன்றாகியிருந்தது.

"பெட்டியில பொண்ணுங்களை ஏம்மா அனுப்பல?" என்று அண்ணி நேராகக் கேட்டாள்.

அவளுக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. "தொட்டிக்கு வேணுமேக்கா" என்றாள். "போன வருஷம் வெயில்ல ரெண்டு தொட்டி செத்துப்போச்சு. இன்னொரு தடவை தொட்டி செத்தா நீயும் அதோட வீட்டுக்குப் போயிடுன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. பொண்ணு வண்டு இருந்தாத்தானே முட்டை, முட்டை இருந்தாத்தானே தொட்டி. அதனால பொண்ணுங்களை இங்கேயே வச்சுக்கிட்டேன். ஏரியிலதான் முன்ன விட்டதுங்க ஆயிரக்கணக்குல இருக்கே. எண்ணிக்கை இருநூறு சரியா குடுத்துடுவேன்."

"முன்ன விட்டதெல்லாம் எங்கம்மா இருக்கு? போன மழையில ஏரி உடைச்சுக்கிட்டுப் பழைய களை மொத்தமும் அடிச்சுக்கிட்டுப் போச்சே. வண்டும் அதோடதான போயிருக்கும். இப்ப நிக்கிறது விதையில இருந்து புதுசா வந்த களை. அதுல நீ விட்ட ஆம்பளைங்களைத் தவிர ஒண்ணும் இல்ல."

தொட்டிக்காரம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணக்கு அவளுக்குள் மெதுவாக ஓடி முடிவதை ரெப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"பெட்டியத் திறந்து விடுறவரு அவருதானே. முன்னெல்லாம் திறக்கும்போது ஜோடி ஜோடியா இருந்திருக்கும், இப்ப இல்ல. சந்தேகம் வந்து தண்டைப் பொளந்து பாத்திருக்காரு. நான் பொளந்ததை எடுத்துட்டு வந்தப்ப அவர் முகத்தைப் பாத்தேன்மா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றாள் அவள். "அவரு தினக்கூலி. நான் நிரந்தரம். யாராவது ஒருத்தர்தான் போகணும்னா அவரே போயிடலாம்னு... இப்படித்தான் யோசிச்சிருப்பாரு. டப்பாவைக் காட்டி போலீஸ் வரைக்கும் கொண்டுபோவாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

ரெப் தொண்டையைக் கனைத்தான். மருந்து விற்ற காலத்தில் எத்தனையோ உண்மைகளைப் பாதியில் நிறுத்தி விற்றிருக்கிறான். இந்த ஒன்றையும் விற்றுவிடலாம் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

"இப்படிப் பண்ணலாம். இளசு இலையை மட்டும் காட்டுவோம். விஷம் இல்லன்னு ஆயிடும், போலீஸ் வராது. மூக்குக் கதை நம்ம மூணு பேரோட நிக்கட்டும். அடுத்த பெட்டியில நீங்க பொண்ணுங்களையும் சேர்த்து அனுப்பிடுங்க."

"அந்த ஒரு வரி அப்படியே இருக்குமே தம்பி" என்றாள் அண்ணி. "நானே காரணம்னு எழுதினது. ஜெயில் இல்ல, ஆனா இந்தத் துறையில இனிமே கால் வைக்க முடியாது. ஏரியைக் கெடுத்தவன்னு பேரும் நிக்கும்." அவள் தொட்டிக்காரம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ எனக்கு வேலை குடுத்தவ. யாருக்காகன்னு கேட்ட, சொல்லிட்டேன். விசாரணையில நான் இலையை மட்டும்தான் காட்டப் போறேன். மிச்சம் உன் இஷ்டம்."

தொட்டிக்காரம்மா தொட்டியின் பக்கம் திரும்பினாள். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு செடியைத் தூக்கினாள்.

விசாரணை அறையில் ஒரு நீண்ட மேஜை, நாலு நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்க்கும் பெண்மணி. அண்ணி ஈரச் செடியை அவர் கோப்பின் மேலேயே வைத்தாள். இயக்குநர் பதறினார். அண்ணி இலைகளை உரித்தாள், தளிரை விரித்தாள், கணக்கைச் சொன்னாள். டப்பாவின் பாசியையும் காட்டினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரி, விஷம் இல்ல" என்றார் அதிகாரி. அவர் படகுக்காரரைப் பார்த்தார். "அப்ப நீங்க எதுக்கு எழுதிக் குடுத்தீங்க? என்னதான் பண்ணீங்க?"

படகுக்காரர் தரையைப் பார்த்தார். சொல்லாமல் போனால் எழுதியது எழுதியதுதான் என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

கதவு திறந்தது. தொட்டிக்காரம்மா ஒரு வெள்ளைத் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டு நிறைய உயிருள்ள வண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஊர்ந்துகொண்டிருந்தன. படகுக்காரர் நாற்காலி சாயும்படி எழுந்தார். ஆறு நாளைக்குப் பிறகு அவர் குரல் வெளியே வந்தது, கரகரவென்று.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அவளைப் போகச் சொல்லுங்க. அவளுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது."

தொட்டிக்காரம்மா தட்டை மேஜையில் வைத்தாள்.

"எனக்கு மட்டும்தான் தெரியும் மேடம். இந்த ஆபீஸ்ல கண்ணாடி இல்லாம, வெறுங்கண்ணால எது ஆணு எது பொண்ணுன்னு சொல்ல என்னை விட்டா ஆள் கிடையாது. இதெல்லாம் பொண்ணு. பதினோரு மாசமா ஏரிக்குப் போக வேண்டியதை நான்தான் புடிச்சு வச்சேன். எழுதிக்குங்க."

அதிகாரி தட்டைப் பார்த்தார். கோப்பைப் புரட்டி, பதினோரு சான்றுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு இயக்குநரின் பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு பெட்டிக்கும் உங்க கையெழுத்து இருக்கே சார். நீங்க என்ன பாத்துப் போட்டீங்க?"

இயக்குநர் கைக்குட்டையைத் தேடினார்.

படகுக்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேட்பவரைப்போல அதிகாரியை நோக்கிக் கையை நீட்டியபடி. தொட்டிக்காரம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காருங்க. நான் பேசிக்கிறேன்" என்றாள். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னிக்கே ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லியிருப்போம்."